ஆகஸ்ட் 6க்கு நம்ம ஏரியாவுல ஹிரோஷிமா கூட்டம் போடுறது எப்படி

வருஷா வருஷம் ஆகஸ்ட் 6 வந்தா, அதான் 1945ல ஹிரோஷிமா மேல அமெரிக்கா அணுகுண்டு போட்ட நாள், சில ஸ்கூல்ல பசங்கள வெயில்ல நிக்க வச்சு, கையில வெள்ளப் புறா படம் குடுத்து ஒரு ஊர்வலம் விடுவாங்க. அதோட அணுகுண்டு சமாச்சாரம் அடுத்த வருஷம் வரைக்கும் குளோஸ். வேலைக்குப் போய்ட்டு வந்து மூஞ்சி கழுவிட்டு தெருமுனைல உக்கார்ற பெரியவங்ககிட்ட யாரும் இதப் பேசுறது இல்ல, பேசுனாலும் "அத டெல்லிக்காரன் பாத்துப்பான்"னு முடிஞ்சிடும். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, காசிமேடு, திருவொற்றியூர்னு நம்ம பக்கம் படிப்பகம், மன்றம், கேரம் கிளப்புக்கு பஞ்சமே இல்ல. அதுல ஒண்ணுல ஒரு சாயங்காலம் ஒன்றரை மணி நேரம், முப்பது நாப்பது பேரு போதும். எப்படி செய்யலாம்னு எழுதுறேன், உங்க தெருவுக்கு ஏத்த மாதிரி மாத்திக்குங்க.

மொதல்ல தேதி. ஆகஸ்ட் 6 ஆடி மாசத்துல விழுது, நம்ம பக்கம் ஆடின்னா என்னன்னு சொல்லவே வேணாம், தெருவுக்கு தெரு அம்மனுக்கு கூழ், தீமிதி, ரெண்டு பக்கமும் ஸ்பீக்கர், அதுக்கு நடுவுல நீங்க உலக சமாதானம் பேசுனா உங்க மச்சானே வர மாட்டான். அதனால கோயில் கமிட்டி ஆளுங்ககிட்ட முன்கூட்டியே போய் எந்த நாள் காலின்னு கேட்டுக்குங்க, மரியாதையா கேட்டா சேர் ஷாமியானா கூட அவங்களே குடுத்து உதவுவாங்க. 6ந்தேதி தோதுப்படலன்னா 9ந்தேதி வைங்க, அது நாகசாகி மேல குண்டு போட்ட நாள். அன்னிக்கு அந்த விமானம் கொக்குராங்கிற ஊருக்குத்தான் போச்சு, கீழ புகையும் மேகமுமா ஒண்ணும் தெரியலன்னு நாகசாகிக்கு திருப்புனாங்க. ஒரு ஊரு பொழச்சதும் இன்னொரு ஊரு செத்ததும் வானிலையால. 9ந்தேதி கூட்டம் வச்சா இத மட்டும் விட்டுடாதீங்க.

இடம், மைக் இதெல்லாம் பெரிய விஷயம் இல்ல. ரூமுக்குள்ள மைக் இல்லாம வச்சா தலைவலி இல்ல. தெருமுனைல மைக் போடணும்னா லோக்கல் ஸ்டேஷன்ல எழுதி குடுத்து பர்மிஷன் வாங்கிடுங்க, ராத்திரி 10 மணிக்கு மேல மைக் கூடாது. ஃப்ளெக்ஸ் பேனர் வைக்காதீங்க, செலவும் தண்டம், கேஸும் வரும். சார்ட் பேப்பர்ல கையில எழுதி டீக்கடை, சலூன், ரேஷன் கடைப் பக்கம் கேட்டுட்டு ஒட்டுனா போதும். எழுதுறது "அணு ஆயுத ஒழிப்பு கருத்தரங்கம்"னு இருந்தா ஒருத்தனும் வர மாட்டான், "மீன் புடிக்கப் போனவங்க மேல சாம்பல் கொட்டுன கதை"ன்னு எழுதுங்க, காசிமேட்டுல இருந்து ஆளு வரும்.

ஏன்னா பேச்ச ஆரம்பிக்க வேண்டியதே அந்தக் கதையில இருந்துதான். நிறைய பேரு காளான் மேகம் ஃபோட்டோ, இத்தன லட்சம் சாவு, அப்படின்னு ஆரம்பிப்பாங்க. ஜனங்க உச்சு கொட்டிட்டு ஃபோன எடுத்துடுவாங்க, அது அவங்க தப்பு இல்ல, லட்சம் சாவ யாராலயும் மனசுல வாங்க முடியாது. இருபத்திமூணு பேர வாங்க முடியும்.

1954 மார்ச் 1. டைகோ ஃபுகுரியூ மாருன்னு ஒரு ஜப்பான் படகு, லக்கி டிராகன் 5ன்னு சொல்லுவாங்க, சூரை புடிக்க பசிபிக் கடலுக்கு போயிருந்துச்சு, ஆளு இருபத்திமூணு பேரு. விடியறதுக்கு முன்னாடி மேற்கு பக்கம் சூரியன் உதிச்ச மாதிரி வெளிச்சம். கொஞ்ச நேரம் கழிச்சு சத்தம். பிகினி தீவுல அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு டெஸ்ட் பண்ணியிருக்கான், கேஸில் பிராவோன்னு பேரு. விஞ்ஞானிங்க போட்ட கணக்கு சுமாரா 6 மெகாடன் (ஒரு மெகாடன்னா பத்து லட்சம் டன் டி.என்.டி. வெடிமருந்துக்கு சமம்), வெடிச்சது 15 மெகாடன், அதாவது ஹிரோஷிமா குண்ட விட ஆயிரம் மடங்கு. இந்தப் படகு அமெரிக்கா சொன்ன அபாய எல்லைக்கு வெளியதான் நின்னுச்சு. ஆனாலும் ரெண்டு மூணு மணி நேரத்துல வானத்துல இருந்து வெள்ளையா தூள் கொட்ட ஆரம்பிச்சுச்சு, வெடிச்சதுல பொடியான பவளப்பாறை அது, முழுக்க கதிர்வீச்சு. இவங்களுக்கு என்னன்னு தெரியாது, தலையில ஒடம்புல விழ விழ தட்டி விட்டுட்டே வலைய இழுத்து ஏத்துனாங்க, சில பேரு நாக்குல வச்சு கூட பாத்தாங்க. ரெண்டு வாரம் கழிச்சு யாய்சு துறைமுகத்துக்கு வந்து சேரும்போது தோலெல்லாம் கறுத்து, முடி கொட்டிக்கிட்டு இருந்துச்சு. படகுல வயர்லெஸ் பாத்துக்கிட்ட குபோயாமா ஐகிச்சி செப்டம்பர் 23ந்தேதி ஆஸ்பத்திரில செத்தாரு, வயசு 40. மத்த பக்கம் மார்ஷல் தீவுல ரோங்கலாப் பசங்க அதே தூள வாரி விளையாடுனாங்க, அது தனி சோகம், நேரம் இருந்தா சொல்லுங்க.

கவனிக்க வேண்டியது இதுக்கு அப்புறம் நடந்தது. நியூஸ் வெளிய வர்றதுக்குள்ள அந்தப் படகோட மீனு மார்க்கெட்டுக்கு போயிடுச்சு. டோக்கியோல சனம் மீனே வாங்கல, மத்த படகு கொண்டு வந்த மீனையும் கருவி வச்சு பாத்து குழி தோண்டி பொதச்சாங்க. மீன் விக்கிறவங்க பொழப்பு நாறிப்போச்சு. காசிமேட்டுல இத சொல்லும்போது விளக்கம் தேவையே இல்ல, 2023 டிசம்பர்ல எண்ணூர் ஓடையில எண்ணெய் கலந்தப்போ அந்தப் பக்கத்து மீன யாரும் தொடல, வலையெல்லாம் கறுத்துப் போய் கெடந்துச்சு, அந்த அக்காங்களுக்கு இது ஜப்பான் கதையாவே தெரியாது.

டோக்கியோல சுகினாமின்னு ஒரு ஏரியா. அங்க ஒரு பொது மண்டபம், அதுல பொம்பளைங்க சேர்ந்து புக்கு படிக்கிற ஒரு வட்டம், நம்ம படிப்பகம் மாதிரின்னு வச்சுக்குங்களேன். ஒரு கூட்டத்துல மீன் கடைக்கார அம்மா ஒருத்தங்க எழுந்து, இந்த குண்டு டெஸ்ட்டுக்கு எதிரா நீங்கல்லாம் என்ன பண்ணப் போறீங்கன்னு கேட்டாங்க. அதுல இருந்து கையெழுத்து வேட்டை ஆரம்பிச்சுச்சு, வீட்டு வேலைய முடிச்சுட்டு கதவு கதவா தட்டுனாங்க. சுகினாமில மட்டும் ரெண்டரை லட்சத்துக்கு மேல, 1955 ஆகஸ்ட்டுக்குள்ள ஜப்பான் முழுக்க 3 கோடிக்கு மேல கையெழுத்து. அந்த மாசமே ஹிரோஷிமாவுல அணுகுண்டுக்கு எதிரா மொத உலக மாநாடு. குண்டுல அடிபட்டு உயிரோட இருந்தவங்க, பத்து வருஷமா வெக்கத்துலயும் பயத்துலயும் வாயே தெறக்காம இருந்தவங்க, மேடை ஏறி பேசுனாங்க, 1956ல நிஹோன் ஹிதாங்கியோன்னு சங்கம் கட்டுனாங்க. அந்த சங்கத்துக்குத்தான் 2024ல நோபல் அமைதிப் பரிசு.

நம்ம ஊரு பங்கையும் சேத்துக்குங்க. அந்த படகு விவகாரம் நடந்து ஒரே மாசத்துல, 1954 ஏப்ரல் 2, நேரு பார்லிமென்ட்ல எல்லா நாடும் அணுகுண்டு சோதனைய நிறுத்தி வைக்கணும்னு பேசுனாரு. ராஜாஜி 1962ல, 83 வயசுல, அமெரிக்கா போய் வெள்ளை மாளிகைல கென்னடியப் பாத்து சோதனைய நிறுத்துங்கன்னு நேருக்கு நேர் கேட்டாரு. ராஜாஜி பேர எடுத்தா நம்ம பக்கம் நாலு பேரு முறைப்பாங்க, குலக்கல்வி, இந்தின்னு ஆரம்பிச்சுடுவாங்க, அது நியாயமான கோவம்தான், ஆனா இந்த ஒரு விஷயத்துல மனுஷன் கரெக்ட்டா நின்னாருன்னு சொல்லிட்டு போயிடுங்க. 1963 ஆகஸ்ட்ல காத்து மண்டலத்துல, தண்ணிக்கடில, விண்வெளில சோதனை பண்ணக்கூடாதுன்னு மாஸ்கோவுல ஒப்பந்தம் ஆச்சு. மீன்காரம்மாவால மட்டும்தான் ஆச்சுன்னு அடிச்சு விடாதீங்க, ஊர்ல உலகத்துல எல்லாரும் கத்துனதும் ஒரு காரணம்னு சொன்னா போதும்.

இது வரைக்கும் அரை மணி நேரம் ஆயிருக்கும், டீ குடுங்க. அடுத்தது மேப்.

சென்னை மேப் ஒண்ணு, வடக்கு பாதி மட்டும், பெருசா ஜெராக்ஸ் எடுத்து சுவத்துல ஒட்டுங்க. நூலும் பென்சிலும் வச்சு மிண்ட்ட மையமா வச்சு எல்லா பக்கமும் ரெண்டு கிலோமீட்டர் தூரம் வர்ற மாதிரி வட்டம் போடுங்க. அத நீங்க போடாதீங்க, எதுத்தாப்புல உக்காந்திருக்கிற பையன எழுப்பி போட சொல்லுங்க. ஹிரோஷிமா குண்டு சுமாரா 15 கிலோடன், இன்னிக்கு கணக்குக்கு சின்ன சைஸ். அதுவே வெடிச்ச இடத்துல இருந்து ரெண்டு கிலோமீட்டர் சுத்துவட்டாரத்த கிட்டத்தட்ட முழுசா இடிச்சு எரிச்சிடுச்சு, அந்த வருஷ கடைசிக்குள்ள சுமார் 1,40,000 பேர் செத்தாங்க. இப்ப உங்க வட்டத்துக்குள்ள என்னென்ன இருக்குன்னு சத்தமா படிக்க சொல்லுங்க. எம்.சி. ரோடு, ராயபுரம் ஸ்டேஷன், பேசின் பிரிட்ஜ், வரும். ஸ்டான்லி ஆஸ்பத்திரியும் உள்ள வரும். அங்க நிறுத்துங்க. ஹிரோஷிமாவுல பத்து டாக்டர்ல ஒன்பது பேர் செத்துட்டாங்க, இல்ல அடிபட்டுட்டாங்க, நர்ஸுங்க கதையும் அதான். தீப்புண்ணுக்கு எண்ணெய் தடவக் கூட கை இல்ல. நம்ம பக்கத்துல எந்த விபத்து நடந்தாலும் மொதல்ல தூக்கிக்கினு ஓடுறது ஸ்டான்லிக்குத்தான், அந்த ஸ்டான்லியே வட்டத்துக்குள்ள இருந்தா எங்க ஓடுவீங்கன்னு கேளுங்க. செஞ்சிலுவை சங்கம் வருஷக்கணக்கா சொல்றதும் இதான், அணுகுண்டு விழுந்தா உருப்படியா உதவி பண்ண எந்த நாட்டாலயும் முடியாதுன்னு.

மெட்ராஸுக்கு குண்டு பயம் புதுசும் இல்ல. 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் கப்பல் வந்து துறைமுகத்துகிட்ட இருந்த எண்ணெய் டேங்க்க சுட்டு எரிச்சுச்சு, ஜனங்க மூட்டை கட்டிக்கினு ஓடுனாங்க. 1942 ஏப்ரல்ல ஜப்பான்காரன் வர்றான்னு ஊரே காலி ஆச்சு. வியாசர்பாடி பக்கம் பர்மாவுல இருந்து வந்த குடும்பங்க இருக்காங்கல்ல, 1941 டிசம்பர்ல ரங்கூன் மேல குண்டு விழுந்த கதை அவங்க வீட்டு பெரியவங்க சொல்லி கேட்டிருப்பாங்க, யாராச்சும் பேச ஒத்துக்கிட்டா அஞ்சு நிமிஷம் குடுங்க, உங்க பேச்ச விட அது நிக்கும்.

நம்பர் கொஞ்சமா சொல்லுங்க. உலகத்துல ஆயுதக் கணக்கு எடுக்கிற சிப்ரிங்கிற ஸ்வீடன் நிறுவனத்தோட கணக்குப்படி 2025 ஜனவரில உலகத்துல மொத்தம் 12,241 குண்டு. ரஷ்யா 5,459, அமெரிக்கா 5,177, சீனா 600, நம்மகிட்ட 180, பாகிஸ்தான்கிட்ட 170. இதுல ரெண்டாயிரத்துக்கு மேல, உத்தரவு வந்தா நிமிஷத்துல கெளம்புற நெலமைல இருக்கு. நம்மளும் பாகிஸ்தானும் மோதுனாலே வானத்துக்கு போற கரியால வெயில் கம்மியாகி விளைச்சல் படுத்து, உலகம் முழுக்க 200 கோடி பேருக்கு மேல பசியில சாகலாம்னு 2022ல நேச்சர் ஃபுட்ங்கிற ஆய்விதழ்ல வந்துச்சு. குண்டு விழாத ஊர்லயும் ரேஷன் கடை காலி. இதுக்கு மேல நம்பர் வேணாம்.

வேணும்னே யாரும் குண்டு போட மாட்டாங்கன்னு நம்புற ஆளுக்கு சோவியத் ராணுவ ஆபீஸர் பெட்ரோவ் கதை. 1983 செப்டம்பர் 26, நடுராத்திரி, மாஸ்கோ பக்கத்துல பங்கர்ல டூட்டி. அமெரிக்கா ஏவுகணை விட்டுட்டான்னு ஸ்கிரீன் கத்துது, மொதல்ல ஒண்ணு, அப்புறம் மொத்தம் அஞ்சு. ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவ், போர் ஆரம்பிக்கிறவன் அஞ்சே அஞ்சு விடுவானான்னு யோசிச்சு, மேல பொய் அலாரம்னு ரிப்போர்ட் பண்ணாரு. மேகத்து மேல பட்ட சூரிய வெளிச்சத்த செயற்கைக்கோள் ஏவுகணைன்னு நெனச்சுக்கிச்சு, அவ்ளோதான். அது ரஷ்யா, பழைய மெஷின்னு சொன்னா, 2022 மார்ச் 9ந்தேதி நம்ம பிரமோஸ் ஒண்ணு தவறிப் போய் கெளம்பி பாகிஸ்தான்ல மியான் சன்னு பக்கத்துல விழுந்துச்சே அத சொல்லுங்க. குண்டு இல்லாத ஏவுகணை, யாரும் சாகல, மூணு ஆபீஸர வேலைய விட்டு தூக்குனாங்க. அவங்க பக்கம் அத வேற மாதிரி எடுத்திருந்தா? டெல்லிக்கும் இஸ்லாமாபாத்துக்கும் நடுவுல ஏவுகணைக்கு பத்து நிமிஷம் கூட ஆகாது, மிண்ட்ல இருந்து பீச் ஸ்டேஷன் போற நேரம் கூட இல்ல.

இனிமேதான் கூட்டமே ஆரம்பம், கேள்வி வரும். தயாரா போங்க.

"நம்மகிட்ட இருக்கறதாலதான்பா அவன் கம்முனு கீறான்." இது கண்டிப்பா வரும். கத்தாதீங்க. 1998 மே மாசம் நம்ம வெடிச்சோம், அதே மாசக் கடைசில அவங்க வெடிச்சாங்க, அடுத்த வருஷமே கார்கில். 2025 மே மாசமும் நாலு நாள் அடிச்சுக்கிட்டோம். அப்ப எங்க கம்முனு இருந்தான்? ஆனா அவரு "அதனாலதான் பெரிய யுத்தமா ஆகல"ன்னு திருப்பி சொன்னா, அதுலயும் ஒரு பாயிண்ட் இருக்கு, இல்லன்னு சாதிக்காதீங்க. எத்தன தடவ அந்த கயித்து மேல நடக்கிறதுன்னு மட்டும் கேட்டுட்டு அடுத்த ஆளுக்கு மைக் குடுங்க.

"அப்ப கலாம் அய்யா பண்ணது தப்பா?" இங்க ஜாக்கிரதை, அவரு ஃபோட்டோ இல்லாத ஆட்டோ ஸ்டாண்டே கிடையாது. ஆளப் பத்தி பேசாதீங்க, கொள்கையப் பத்தி பேசுங்க. வெடிச்ச அதே அரசாங்கம்தான் நம்ம முதல்ல போட மாட்டோம்னும் சொல்லுச்சு, 2003 ஜனவரில அத கொள்கையாவே வெளியிட்டாங்க. அதுக்கு முன்னாடி 1988ல ராஜீவ் காந்தி ஐ.நா.வுல போய் 2010க்குள்ள எல்லா நாடும் படிப்படியா ஒழிக்கணும்னு திட்டமே குடுத்தாரு. ஒழிக்கணும்னு சொல்றது நாட்டுக்கு எதிரா பேசுறது இல்ல, டெல்லி இன்னிக்கும் எல்லா நாடும் சேர்ந்து ஒழிக்கணும்னுதான் சொல்லுது, அத செய்யச் சொல்லி கேக்குறோம்.

கல்பாக்கம், கூடங்குளம் கேள்வி வந்தா மாட்டிக்காதீங்க, ராத்திரி 10 மணி வரைக்கும் அதே ஓடும். கரண்ட் எடுக்கிறது வேற, குண்டு வேற, ரெண்டுக்கும் நடுவுல ஒரு நூல் இருக்கு, 1974 பொக்ரான் குண்டுக்கு புளூட்டோனியம் வந்ததே கனடா குடுத்த ஆராய்ச்சி உலையில இருந்துதான், அது அமைதிக்குன்னு சொல்லி வாங்குனது. இவ்ளோ சொல்லிட்டு, கல்பாக்கத்துக்கு இன்னொரு நாள் கூட்டம் வைப்போம்னு முடிங்க. வைக்கவும் வைங்க.

என்னப் பொறுத்தவரைக்கும் கஷ்டமான கேள்வி வேற. "எண்ணூர் புகைக்கே ஒரு வழிய காணோம், நீ அணுகுண்ட ஒழிக்கப் போறியா நைனா?" சிரிப்பாங்க, நீங்களும் சிரிங்க. அப்புறம் சொல்லுங்க, 2023 டிசம்பர் 26 ராத்திரி பெரியகுப்பத்துல அமோனியா கசிஞ்சப்போ கைக்குழந்தைய தூக்கிக்கினு இருட்டுல ஓடுனது நம்ம ஜனம், எந்தப் பக்கம் ஓடணும்னு சொல்ல ஆள் இல்ல. நம்மள கேக்காம நம்ம பக்கத்துல ஆபத்த வைக்கிறது, நடந்தா யாரும் வர மாட்டாங்கன்னு தெரிஞ்சே வைக்கிறது, ரெண்டுலயும் அதே கதைதான். புகைக்கு போராடுறவங்கள கூட்டத்துக்கு கூப்புடுங்க, அவங்களுக்கு பத்து நிமிஷம் குடுங்க, சும்மா மரியாதைக்கு இல்ல, கையெழுத்து வாங்குறது, அலைய விடுற ஆபீஸ சமாளிக்கிறது எல்லாம் அவங்களுக்குத்தான் தெரியும்.

"இதெல்லாம் நடக்கிற காரியமா"ன்னு கேட்டா, 1986ல உலகத்துல 70,000 கிட்ட இருந்துச்சு, இப்ப 12,000 சொச்சம். தென்னாப்பிரிக்கா ஆறு குண்டு செஞ்சு வச்சிருந்துட்டு அவங்களே பிரிச்சு போட்டாங்க, 1993ல வெளிப்படையா சொன்னாங்க. 2017 ஜூலை 7ந்தேதி ஐ.நா.வுல 122 நாடு ஓட்டு போட்டு அணு ஆயுதத் தடை ஒப்பந்தம் வந்துச்சு, 2021 ஜனவரி 22ல இருந்து அமல்ல இருக்கு. அதுக்கு பாடுபட்ட ஐகான் கூட்டமைப்புக்கு அந்த 2017லயே நோபல். குண்டு வச்சிருக்கிற ஒன்பது நாட்டுல ஒண்ணு கூட சேரல, அத மறைக்காம சொல்லுங்க. ஆனா நம்ம பக்கத்து நாடு வங்கதேசம், மாலத்தீவு, இலங்கை எல்லாம் சேர்ந்தாச்சு.

கடைசில ஒரே ஒரு கோரிக்கை வைங்க. பத்து தீர்மானம் போட்டா ஒண்ணும் நிக்காது. நான் சொல்றது, அந்த ஒப்பந்த நாடுங்க கூடுற கூட்டத்துக்கு இந்தியா பார்வையாளராவாச்சும் போகணும். 2022ல வியன்னாவுல நடந்த மொத கூட்டத்துக்கு ஜெர்மனி, நார்வே, ஆஸ்திரேலியா எல்லாம் கையெழுத்து போடாமலே போய் உக்காந்தாங்க, போனா ஒண்ணும் குறைஞ்சிடாது. இத ஒரு பக்கத்துல தமிழ்ல எழுதி, வடசென்னை எம்.பி.க்கு மனுவா குடுங்க. கவுன்சிலர்கிட்டயும் ஒண்ணு, ஏரியா சபை கூடும்போது எழுந்து கேளுங்க. ஹிரோஷிமா மேயர் 1982ல ஆரம்பிச்ச அமைதிக்கான மேயர்கள் அமைப்புல இப்ப 8,000க்கு மேல நகரம் இருக்கு, மாநகராட்சி அதுல என்ன பண்ணப் போகுதுன்னு கேட்டா கேக்குறவங்களுக்கே புதுசா இருக்கும்.

பசங்க வந்தா சடாக்கோ சசாக்கிய சொல்லுங்க, குண்டு விழும்போது ரெண்டு வயசு, பத்து வருஷம் கழிச்சு ரத்தப் புற்றுநோய்ல 1955 அக்டோபர்ல செத்துப்போன பொண்ணு, ஆஸ்பத்திரி படுக்கைல காகிதக் கொக்கு மடிச்சுட்டே இருந்தா. பழைய நோட்டு பேப்பர் குடுத்தா பசங்களும் மடிப்பாங்க, பெரியவங்க பேசும்போது சத்தமும் கம்மியாகும். எரிஞ்ச ஒடம்பு ஃபோட்டோ எதுவும் புள்ளைங்க முன்னாடி காட்டாதீங்க, பெரியவங்களுக்கே வேணாம்னுதான் சொல்லுவேன்.

கையெழுத்து பேப்பர டீ டேபிள்ல வைங்க, வாசல்ல வச்சா தாண்டிப் போயிடுவாங்க. பேரு, தெரு போதும், ஃபோன் நம்பர் கேக்காதீங்க, லோன் கம்பெனின்னு பயப்படுவாங்க. மனுவ ரெண்டு காப்பி எடுத்து ஒண்ண ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க, இன்னொண்ண எம்.பி. ஆபீஸ்ல நேர்ல குடுத்து சீல் வாங்கிக்குங்க. ஒரு மாசத்துல பதில் வரலன்னா அதே சீல காட்டி திரும்ப போங்க, கூட மீன் மார்க்கெட் அக்கா ரெண்டு பேர கூட்டிட்டு போங்க, அவங்க கேக்குற விதமே வேற.